நாற்பத்தேழாம் கேள்விக்கு ஐந்தாவது விடை

கல்லூரியில் தத்துவத் துறையை இழுத்து மூடியபோது அங்கே மிச்சமிருந்தவை ஒரு பீரோ, இரண்டு மின்விசிறிகள், ஒரு பேராசிரியர். பீரோவை நூலகம் எடுத்துக்கொண்டது. மின்விசிறிகளுக்காக வணிகவியலும் விலங்கியலும் முட்டிக்கொண்டன. பேராசிரியரைத்தான் யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் ஆசிரியர் அறையில் செய்தித்தாள் படித்துக் கிடந்தவரைக் கடைசியில் தேர்வு வாரியம் கூட்டிக்கொண்டு போனது.

தத்துவம் மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ திடீரென்று உதித்து, பள்ளி இறுதி வகுப்புக்குப் 'பயன்பாட்டு அறவியல்' என்று ஒரு கட்டாயத் தாள் வந்திருந்த சமயம் அது. நூறு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். சரியானதற்கு நேரே உள்ள வட்டத்தைக் கருப்பாக்க வேண்டும். கூலி எது நியாயம், வரி யார் கட்டுவது, நல்ல பள்ளி யாருக்கு என்று மனிதன் எழுதப் படிக்கக் கற்ற நாளிலிருந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் சங்கதிகளை எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் தீர்த்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம்.

வாரியத்தில் அவருக்குத் 'தத்துவம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "தத்துவம் சார் ஃபைல அனுப்பிட்டாரா?" என்றுதான் மாடிக்கும் கீழுக்கும் பேச்சு. அவரோடு விடை ஆய்வுக் குழுவில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் பொருளாதார வல்லுநர், முப்பத்தைந்து வயதுப் பெண்மணி, எதற்கும் அரை நிமிடத்தில் விடை சொல்லிவிட்டு மீதி அரை நிமிடத்தில் அடுத்த கோப்பைத் திறப்பவர். அவரைப் பொருளாதாரம் மேடம் என்றார்கள். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. 'விழுமியம்' என்ற சொல்லை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து, அதைப் போடாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத நிலைக்கு ஆளாகியிருந்தார். ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்குக்கூட அதில் ஒரு விழுமியம் வேண்டும். அவருக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆண்டுத் தாளுக்குக் கேள்வி எழுதியவர் தத்துவம். வாரியத்து வழக்கப்படி, கேள்வி எழுதியவரே தனி அறையில் உட்கார்ந்து நூறு வட்டங்களையும் தன் கையால் கருப்பாக்கி, உறையில் இட்டு, அரக்கு வைத்துக் கொடுக்க வேண்டும். வேறு யாரும் பார்க்கக் கூடாது. தேர்வு முடிந்த மறுநாள் அந்த உறையைப் பிரித்து, உள்ளே இருப்பதை அப்படியே வெளியிடுவார்கள். அப்படி வெளியிட்டதும்தான் நாற்பத்தேழாம் கேள்வி ஊர் முழுக்கத் தெரிந்தது.

கேள்வி இதுதான். ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும் குழுவில் ஒருவர் உறுப்பினர். விண்ணப்பித்தவர்களில் அவருடைய மனைவியும் இருக்கிறார். வந்தவர்களில் அவரே தகுதி மிக்கவர். கணவர் என்ன செய்ய வேண்டும்? (அ) தகுதிக்கு உரிய மதிப்பெண்ணை இட வேண்டும். (ஆ) குழுவிலிருந்து விலக வேண்டும். (இ) யாரும் சந்தேகப்படாதபடி மதிப்பெண்ணைக் குறைத்து இட வேண்டும். (ஈ) விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்படி மனைவியிடம் சொல்ல வேண்டும்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட ஆ என்று சொல்லும். வாரியம் வெளியிட்ட விடை இ.

ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் எழுதிய தேர்வு. நேர்மைக்கு வாரியம் புதுப்பொருள் கண்டுவிட்டதாக ஒரு பத்திரிகை நான்கு பத்திக்குக் கிண்டல் செய்தது. வாரியத்துக்கு ஆட்சேபணை அனுப்ப ஒரு படிவம் உண்டு. பத்து நாளில் ஆயிரத்து இருநூறு படிவங்கள் வந்து விழுந்தன. ஒன்றைத் தவிர மீதி எல்லாம் ஒரே தனிப்பயிற்சி நிலையத்தில் அச்சடித்துக் கொடுத்த ஒரே வாக்கியம். எழுதிக் கொடுத்ததை அப்படியே பார்த்து எழுதிய அவசரத்தில், பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'பெயர்' என்றே எழுதியிருந்தவர்கள் ஏழு பேர்.

"கை தவறிடுச்சு," என்றார் தத்துவம் குழுவில். தொண்ணூற்றொன்பது வட்டங்களில் தவறாத கை. விழுமியமும் பொருளாதாரமும் நம்பினார்கள். நம்பாமல் இருக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. அவர் மனைவி வேறு ஊரில் ஆசிரியையாக இருக்கிறார் என்பதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது.

பதினோரு வருடத்துக்கு முன்பு கல்லூரியில் கணித விரிவுரையாளர் வேலை ஒன்று காலியானது. தத்துவத்தின் மனைவி அதே வேலையை ஆறு வருடமாகத் தற்காலிகமாகப் பார்த்துவந்தவர். நேர்முகத் தேர்வுக் குழுவில் வேற்றுத் துறையிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி. நேர்மைக்குப் பேர்போனவர் என்று எல்லோரும் சேர்ந்து தத்துவத்தைப் போட்டார்கள். பேர்போன நேர்மையைக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. மற்றவர்கள் எண்பது, எண்பத்தைந்து என்று இட்ட இடத்தில் அவர் ஐம்பத்திரண்டு இட்டார். வேலை வேறொருவருக்குப் போனது. அவரும் ஏழே மாதத்தில் விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்பது தனிக்கதை.

அன்று சாயங்காலம் அவள் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள், தான் சரியாகப் பாடம் நடத்தவில்லையா என்று. அவர் அதற்குப் பதில் சொல்லாமல் நடுநிலைமை பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். அவ்வளவு நன்றாக வகுப்பில்கூடப் பேசியதில்லை. அடுத்த மாதம் அவளுக்கு ரயிலில் பத்து மணி நேரத் தொலைவில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. முதலில் எல்லா விடுமுறைக்கும் வந்தாள். அப்புறம் பெரிய விடுமுறைக்கு மட்டும். அப்புறம் அவள் தம்பி மூலமாக நலம் விசாரிப்பதோடு நின்றது. விவாகரத்து, கோர்ட்டு என்று எதுவும் கிடையாது. வீட்டில் அவளுடைய குடை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. மழை நாளில் அவர் நனைந்துகொண்டு போவாரே தவிர அதை எடுத்ததில்லை.

பதினோரு வருடமாக அவர் இந்தக் கேள்வியை நான்கு பக்கமும் புரட்டிப் பார்த்தாயிற்று. தான் செய்தது சரியில்லை என்று தெரியும். எவ்வளவு சரியில்லை என்பதில்தான் ஆராய்ச்சி. கடைசியில் அதை வினாத்தாளில் போட்டார். ஒரு லட்சத்து அறுபதாயிரம் பிள்ளைகளிடம் கேட்டுவிடலாம் என்ற எண்ணம்போலும். உறைக்குள் வைக்கும் தாளில் நாற்பத்தேழாம் வரிக்கு வந்தபோது கை தானாக இ வட்டத்தில் போய் நின்றது. அது தவறிய கை இல்லை. எப்போதோ செய்ததையே மறுபடியும் செய்த கை.

அச்சடித்த வாக்கியம் இல்லாத அந்த ஒரே படிவத்தின் எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. தத்துவம் அதை எடுத்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. படிவத்திலேயே கோடு இருந்தும், அதற்கு இடப்பக்கம் அளவுகோல் வைத்துப் பென்சிலால் தனியாக ஓர் ஓரக்கோடு போட்டிருந்தது. வீட்டுக்கு மளிகைச் சீட்டு எழுதினாலும் அவள் அப்படித்தான் கோடு போடுவாள். கீழே 'கணித ஆசிரியை' என்று கையெழுத்து. விஷயம் மூன்றே வரி:

'வினா 47. நான்கு விடைகளும் தவறு. கொடுக்கப்பட்டவை எல்லா வழிகளையும் அடக்கவில்லை. மனைவியைக் கேட்பது என்ற வழி விடுபட்டுள்ளது.'

நான்கையும் அவர் மறுபடி படித்தார். விலகுவது, இடுவது, குறைப்பது, சொல்வது. எல்லாம் கணவன் செய்வது. பதினோரு வருடமாகப் புரட்டியும் இது கண்ணில் படவில்லை. தத்துவத்தில் முனைவர் பட்டம் வேறு.

படிவத்தின் அடியில், 'நேரில் விளக்கமளிக்க விரும்புகிறீர்களா? ஆம் / இல்லை' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. அவள் இரண்டிலும் எதுவும் போடவில்லை.

மறுநாள் காலை குழு கூடியது. பொருளாதாரம் மேடம் வந்து உட்காரும்போதே தீர்ப்போடு வந்திருந்தார். விடையை ஆ என்று திருத்தினால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும். இ போட்டவர்கள் வழக்குப் போடுவார்கள். அதனால் எல்லோருக்கும் ஒரு கருணை மதிப்பெண் கொடுத்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை, வெள்ளிக்கிழமை முடிவு வெளியிடலாம். கருணை மதிப்பெண் கொடுத்துவிட்டால் ஆட்சேபணைகள் எல்லாம் விசாரணை இல்லாமலே முடிந்துபோகும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் தத்துவம் நிமிர்ந்தார். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறை மேசைமேல் வைத்து, இவரை நேரில் அழைத்துக் கேட்டே ஆக வேண்டும் என்றார்.

"டிக் போடலன்னா வேணாம்னுதான் சார் அர்த்தம்," என்றார் மேடம்.

அதற்குப் பிறகு இருபது நிமிடம் தத்துவம் பேசினார். எழுதாமல் விட்ட கட்டத்தை மறுப்பு என்று கொள்ள முடியுமா. பேசாதவரின் குரலைப் பொதுநிர்வாகம் எப்படிக் கேட்பது. அவசரமாகக் கொடுக்கும் கருணைக்கும் நிதானமாகக் கொடுக்கும் நியாயத்துக்கும் உள்ள தூரம். விழுமியம் கண் கலங்கிவிட்டார். இதில் எவ்வளவு பெரிய விழுமியம் இருக்கிறது என்று சொல்லிப் பொருளாதாரத்தைப் பார்த்தார். இரண்டுக்கு ஒன்று. அழைப்பு அனுப்பப் பத்து நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. விசாரணை அதற்கு அடுத்த புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. அதுவரை முடிவு நிறுத்திவைப்பு.

இருபது நிமிடப் பேச்சில் தத்துவம் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: அந்த அறையின் கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வருவதைப் பார்க்க வேண்டும்.

வாரியத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. நடத்துபவர் தத்துவத்தின் மச்சினன், அவள் தம்பி. அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவே பேச்சு நின்றதிலிருந்து இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கும் ஒரே ஆள். மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் தத்துவம் அங்கேதான் திறப்பார். வாரியத்தின் ரகசியம் எதுவும் அந்தக் கடையில் ரகசியம் இல்லை. எல்லாமே அங்கேதான் இரண்டு பிரதி எடுக்க வந்தாக வேண்டும். அன்று மதியம் எடுத்த பிரதி விசாரணை அழைப்பு.

"அக்காவுக்கு நோட்டீஸா அத்தான்?" என்றான் தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு. "பதினோரு வருஷம் கழிச்சு ஒரு லெட்டர் போடறீங்க, அதுல 'தவறினால் தங்கள் தரப்பு வாதமின்றி முடிவெடுக்கப்படும்'னு இருக்கு."

அது வழக்கமான வாசகம் என்றார் தத்துவம்.

அப்போது தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் வந்து மகளின் சான்றிதழ்களை நீட்டினாள். எல்லாவற்றிலும் மூன்று மூன்று. மூன்றாவது முறையாக அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருக்கிறாளாம். மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, மதிப்பெண் பட்டியலைத் திங்கட்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுமாம். "உள்ள யாரோ ஒருத்தர் விசாரணை வேணும்னு நிறுத்தி வெச்சிருக்காராமே. ரிசல்ட் எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று மச்சினனைக் கேட்டாள்.

மச்சினன் அத்தானைப் பார்த்தான். அத்தான் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைப் பார்த்தார். அவள் பிரதிகளை வாங்கிக்கொண்டு போனாள்.

"இவ்ளோ பேர காக்க வெச்சு அக்காவ வரவழைக்கறீங்க. சரி. அக்கா வர்றாங்களான்னு கேட்டீங்களா?"

"கட்டத்துல எதுவும் போடல. அதனாலதான்…"

"போடலன்னா, ஒரு போன் பண்ணிக் கேட்டா ஆகாதா? நம்பர் என்ன, வாரியத்து ரகசியமா?" என்று சொல்லித் தன் கைபேசியை எடுத்து, அவனே அழைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் வாசலில் நின்றுகொண்டான்.

தத்துவம் இயந்திரத்துக்குப் பின்னால் போனார். சூடான தாளின் வாசனை. அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஆசிரியர் அறையாக இருக்க வேண்டும். தம்பி என்று நினைத்து, "சொல்லுடா," என்றாள்.

"நான்தான்."

மேசைமேல் ஏதோ ஒரு பொருளை வைக்கும் சத்தம் கேட்டது.

"ம். சொல்லுங்க."

இந்த இடத்துக்கு அவர் பதினோரு வருடமாகத் தயாரித்து வைத்திருந்த முன்னுரை ஒன்று உண்டு. அதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"உன் ஆட்சேபணை வந்துது. ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு."

"அவ்ளோ பின்னாடியா நிக்கறேன்?"

"நேர்ல வர்றியான்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நீ ஒண்ணும் போடல. அதான் கேக்கறேன். வர்றியா?"

"இல்ல. அதுக்காக எழுதல," என்றாள். "என் க்ளாஸ்ல முப்பத்திரெண்டு பேர். ஆன்சர் கீ வந்த அன்னிக்கு ஒரு பொண்ணு கேட்டா, டீச்சர், நாலுலயும் அந்த அம்மாவ யாரும் ஒரு வார்த்தை கேக்கலியேன்னு. எனக்குப் பதில் தெரியல. கேள்விய எழுதினவங்களுக்குத் தெரியுமோ என்னமோன்னு எழுதிப் போட்டேன்."

"யார் எழுதினதுன்னு தெரியுமா?"

"படிச்ச உடனே தெரிஞ்சுது. வேற யாரு இப்படி நாலு பக்கமும் சுத்தி வருவாங்க."

அவர் இயந்திரத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். "அன்னிக்குக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"எந்திரிச்சு வெளிய போங்க, நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருக்கலாம் என்று அவருக்குப் பட்டது. "முதல்ல அந்தப் பசங்க ரிசல்ட்ட விடுங்க. என் பேரச் சொல்லி யாரையும் நிறுத்தி வெக்காதீங்க."

சரி என்றார். அதோடு வைத்துவிடுவாள் என்று தோன்றியது. வைக்கவில்லை.

"நான் அங்க வரட்டுமா?" என்றார்.

இவ்வளவு காலத்தில் தான் செய்யப்போவதைப் பற்றி அவர் அவளைக் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் யாரோ சாக்பீஸ் டப்பா கேட்டார்கள். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"உங்க வாரியத்துல ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எத்தன நாள் எடுத்துக்குவீங்க?"

"பதினஞ்சு நாள்."

"அப்ப எனக்கும் பதினஞ்சு நாள் வேணும்," என்றாள். மணி அடித்தது. வைத்துவிட்டாள்.

அன்று பிற்பகலே தத்துவம் குழுவைக் கூட்டச் சொன்னார். மற்ற இருவரும் உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்: ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு என் மனைவி, காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும், இந்தக் கேள்வியில் நான் இருக்கக் கூடாது. விழுமியம், இதில் ஒரு பெரிய விழுமியம் அடங்கியிருக்கிறது என்று தொடங்கி, அது எது என்று தெரியாமல் அப்படியே நிறுத்திவிட்டார். பொருளாதாரம் மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், அப்போ அந்த நாப்பத்தேழு…"

"ஆமா மேடம்."

எழுந்து வெளியே வந்து நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். பதினோரு வருடத்துக்கு முன்பே எழுந்திருக்க வேண்டிய நாற்காலி. எழுந்து வந்து உட்கார்ந்து பார்த்தால் அப்படி ஒன்றும் கஷ்டமாக இல்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வினா 47-இன் நான்கு விடைகளும் தவறு, எழுதிய அனைவருக்கும் ஒரு மதிப்பெண், வெள்ளிக்கிழமை முடிவு. மறுநாள் பத்திரிகைகளிடம் தலைவர் இதை விழுமியத்தின் வெற்றி என்று வருணித்தார்.

ஆட்சேபணைக்குப் பதில் கடிதத்தில் பாட வல்லுநர் கையெழுத்திட வேண்டும். தத்துவம் முடியாது என்றதால் மேடம் இட்டார். 'தங்கள் ஆட்சேபணை ஏற்கப்பட்டது' என்பது அச்சிட்ட வாசகம். எண்ணும் தேதியும் மட்டும் நிரப்ப வேண்டும். உறையில் போடும் முன் மேடம் அதை அவரிடம் கொண்டுவந்து காட்டி, "வேற ஏதாவது சேக்கணுமா சார்?" என்று கேட்டார். அரை நிமிடத்துக்கு மேல் அவர் ஒருவரின் பதிலுக்காக நின்றது அன்றைக்குத்தான். தத்துவம் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சேர்ப்பதற்கு அதில் இடம் இல்லை என்றார்.

அதன்பிறகு அவர் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அந்த ஊருக்கு நேர் ரயில் ஒன்றுதான், காலை ஆறு பத்துக்கு, என்று விசாரித்து வைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் தொங்கும் குடையை இறக்கித் தூசி தட்டினார்; ஒரு கம்பி வளைந்திருந்தது, அதை நிமிர்த்தி, மறுபடி அதே ஆணியில் மாட்டினார். மதியம் கடையில் சாப்பிடும்போது மச்சினனின் கைபேசி மேசைமேல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக உட்கார்ந்தார். அது அடித்தபோதெல்லாம் மச்சினன் எடுத்து, "காகிதம் வரல, நாளைக்குத்தான்," என்று யாரிடமாவது சொன்னான்.

"இன்னியோட பதினஞ்சு ஆச்சு அத்தான்," என்றான் ஒரு நாள், தாள்கட்டைப் பிரித்துக்கொண்டே.

"அது வேலை நாள்டா. சனி ஞாயிறு கணக்குல வராது."

"அக்கா அப்படிச் சொன்னாங்களா?"

"வாரியத்து விதி."

"அக்கா வாரியத்துல வேலை பாக்கல."

கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்தான். கைபேசி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவகாசம் கேட்டவளிடம் அவகாசத்துக்குள்ளேயே போய் நின்றால் அது இன்னொரு பக்கம் சுற்றி வருவது ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவுக்காவது பயன்பாட்டு அறவியல் பயன்பட்டது.

சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு, மச்சினன் கடைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சனி ஞாயிறுகளை விட்டு எண்ணினார். அந்த ஊர்ப் பள்ளிக்கு அடுத்த வாரம் முழுக்கப் பருவ விடுமுறை. பள்ளி விடுமுறையில் ஆசிரியை பதில் சொல்ல வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதையும் கழித்தார். போன் பேசிய நாளைச் சேர்ப்பதா என்ற கேள்வி வந்தது. அன்று பாதி நாள் போய்விட்டிருந்தது. சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தார். எப்படிப் பார்த்தாலும் இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. அவள் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.